அணியத்தில் கட்டிய துணி

ஹஸ்பலாவுக்கு வந்திருந்த வியாதியை ஊரில் ஒருவனும் நம்பவில்லை. வியாதி என்றால் ஒன்று ஆளைப் படுக்கப் போட வேண்டும், இல்லாவிட்டால் விட்டுத் தொலைய வேண்டும். இது இரண்டையும் செய்யாத வியாதி. வாரக்கணக்கில் மனிதன் கல் மாதிரி இருப்பான். படகில் போவான், வலை இழுப்பான், காப்பிக்கடையில் அடுத்தவன் வீட்டுக் கதை பேசுவான். பிறகு ஒரு நாள் பார்த்தால் சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பின்னால் இருக்கிற குன்றின்மேல் போய் உட்கார்ந்திருப்பான்.

பானை எதற்கு என்று அவனுக்கே தெரியாது. அச்சே கரையில் சுனாமித் தண்ணீர் ஏறிய அந்த ஞாயிற்றுக்கிழமை கையில் எதையும் எடுக்க நேரமில்லை. மகளின் கை மட்டும் கையில் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

அன்று தண்ணீர் அலைச்சத்தத்தோடு வரவில்லை. லாரியில் ஜல்லி கொட்டுகிற சத்தத்தோடு வந்தது. அதனால் அவனுக்குக் கடல்மேல் பயம் இல்லை, ஜல்லிமேல்தான். அதுவும் எல்லா நாளும் இல்லை. ரோடு போட்டபோது அவன் வாசலிலேயே லாரி லாரியாகக் கொட்டினார்கள். பக்கத்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். பிறகொரு நாள் அவன் பெண்டாட்டி ருக்கையா காய்ந்த பாக்கைச் சாக்கிலிருந்து சிமெண்டுத் தரையில் கவிழ்த்தாள். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை, பானையும் இல்லை.

நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் பெண் வந்து, "போன மாசம் எத்தனை தடவை வந்துச்சு?" என்று கேட்டாள். "அதுக்கு எந்த மாசம்னு பார்த்து வரத் தெரியணுமே தாயி" என்றான். மாத்திரை கொடுத்தாள். கெட்ட பெண் இல்லை. ஆனால் அவள் வந்தது நல்ல நாளில். நல்ல நாளில் வந்தவளுக்குக் கெட்ட நாளை எங்கிருந்து எடுத்துக் காட்டுவது?

கடலில் மட்டும் அவனுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. வீட்டில் புரண்டு புரண்டு விடிய வைக்கிறவன், படகில் வலைக்குவியல்மேல் சாய்ந்தால் குறட்டை விடுவான். ஆகவே படகில் அவனுக்கு இருந்த இடம் வெறும் இடம் இல்லை. அது போனால் மிச்சம் கரைதான். எந்நேரமும் கரை.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

படகுக்காரன் மர்சுகி வயதில் சின்னவன், வாயில் பெரியவன். தண்ணீர் வந்த தேதியில் வருஷாவருஷம் ஊரில் யாரும் கடலுக்குப் போகக் கூடாது. செத்தவர்களை மொத்தமாகப் புதைத்த இடத்துக்கு எல்லோரும் போய் ஓதிவிட்டு வந்து, பெரிய சட்டியில் கந்தூரிக் கறி ஆக்குவார்கள். இந்த வருஷமும் அன்று ஊர் முழுக்க அழுதது. ஹஸ்பலா அழவில்லை. பலாப்பிஞ்சு போட்ட ஆட்டுக்கறியோடு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். மர்சுகி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அடுத்த மாதமே, ஒன்றுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, குன்றுக்குப் போய்விட்ட ஹஸ்பலாவுக்காகக் காத்துக் காத்து ஏற்றத் தண்ணீர் வற்றி, படகு முகத்துவாரத்திலேயே தரைதட்டி நின்றது.

மர்சுகி காப்பிக்கடையில் எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டான்.

"ஏண்ணே, உங்க வியாதிக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாதா?"

"தெரியாதுடா. அதுவும் என்னை மாதிரி பள்ளிக்கூடம் போகல."

"கந்தூரியன்னிக்கு நாங்க அழுதுக்கிட்டு நிக்கிறோம், நீங்க ரெண்டு தட்டு ஏத்துறீங்க!"

"கறி நல்லா இருந்துச்சு."

கடை சிரித்தது. மர்சுகி சிரிக்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு தடவை காக்க வச்சீங்கன்னா, உங்க இடம் என் மச்சானுக்கு. சொல்லிட்டேன்."

"உன் மச்சான் படகைப் பார்த்தாலே வாந்தி எடுப்பானே!"

"எடுக்கட்டும். எடுத்தாலும் வருவான்ல?"

ஹஸ்பலா காப்பிக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தான். வீட்டுக்கு நடக்கும்போது அவனுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. நல்ல நாளில் நின்று பார்த்தால் கெட்ட நாள் நடிப்பு மாதிரித்தான் தெரிகிறது. இவ்வளவு திடமாக இருக்கிறவன் நேற்று ஏன் ஓடினான்?

அதன்பிறகு நாட்கள் நன்றாகவே போயின. நோன்புக்கு முந்தின மாதம் ஒரு காலை, ஒரு சத்தமும் இல்லை. லாரி இல்லை, பாக்கு இல்லை. கண் விழித்தபோதே உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, கைலி வேர்வையில் ஊறியிருந்தது. மத்தியானத்து ஏற்றத்துக்குப் படகு கிளம்ப வேண்டிய நாள். வேறு கைலி மாற்றிக்கொண்டான், பானையைத் தூக்கினான், போய்விட்டான்.

ருக்கையா தடுக்கவில்லை. தடுத்து நின்ற காலம் ஒன்று இருந்தது, பலனில்லை. கழற்றிப் போட்ட சிவப்புக் கைலியைத் துவைத்துப் பிழிந்தாள். கொல்லையில் கொடி அறுந்து கிடந்தது. புத்தி எங்கேயோ இருக்க, வாசல் பக்கம் போய் அங்கே நின்ற கட்டையில் கைலியைச் சுற்றிக் கட்டினாள்.

அது கட்டை இல்லை, படகு அணியம். தண்ணீர் வந்த அன்று எவனுடைய படகோ அந்த இடம்வரை ஏறி வந்து, மூக்கு மட்டும் மண்ணுக்கு வெளியே நிற்கப் புதைந்துபோனது. யாராலும் பிடுங்க முடியவில்லை. வீட்டை அதற்குப் பக்கத்திலேயே கட்டிக்கொண்டார்கள். அதில் யாரும் துணி காயப்போட மாட்டார்கள். ஏனென்றால் அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் இஞ்சின் நின்றாலோ ஓட்டை விழுந்தாலோ அணியத்தில் துணி கட்ட வேண்டும். அதைக் கண்டவன் போட்ட வலையை விட்டுவிட்டாவது வர வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. துணி இறங்கும்வரை அந்தப் படகுக்காரனின் எதையும் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மர்சுகி சண்டை போடத்தான் வந்தான், கூட இரண்டு ஆட்களோடு. தெருமுனையில் சிவப்பைப் பார்த்ததும் மூன்று பேர் காலும் ஓட ஆரம்பித்துவிட்டன. வாசலுக்கு வந்து மூச்சு வாங்கியபடி, "என்னாச்சு அக்கா? யாருக்கு என்ன?" என்றான்.

"யாருக்கு?" என்றாள் அவள்.

"துணி கட்டியிருக்கீங்களே!"

ருக்கையா திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் தான் செய்த காரியம் அவளுக்குத் தெரிந்தது. காயப்போட்டேன் தம்பி, கொடி அறுந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். மச்சானும் படகு ஏறியிருப்பான். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா, கட்டியிருக்கேன். அவர் குன்று மேல இருக்கார்."

மர்சுகி காலால் மண்ணைத் தட்டிக் காட்டினான். "அக்கா, இது தரை!"

"அணியந்தானே இது? துடைப்பக்கட்டையா?"

வழக்கு, மீன்பிடிக்கிறவர்களுக்கு ஞாயம் சொல்லும் கடல் தலைவரிடம் போனது. ஊரே 'அபு' என்று கூப்பிடும் கிழவர் இத்ரிஸ், காப்பியைச் சாசரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"தரையில நிக்கிற அணியத்துக்கு வழக்கம் உண்டா அபு?" என்றான் மர்சுகி.

"அது எப்படித் தரைக்கு வந்துச்சு?"

"தண்ணி கொண்டாந்துச்சு."

"யாராவது ஓட்டிக்கிட்டு வந்து கட்டினாங்களா?"

"இல்ல."

"அப்போ அது இன்னும் கரை சேரலடா." கிழவர் ஒரு வாய் குடித்தார். "துணியைப் பார்த்ததும் நீ என்ன பண்ணினே?"

"ஓடினேன்."

"ஓடினவன் வந்து என்கிட்ட ஞாயம் கேக்கிறான் பாரு! அங்க துணி இருக்கிற நாள்ல அவன் இல்லாம போங்க. இடம் அவனோடது. அன்னிக்கு மட்டும் உன் மச்சானைக் கூட்டிக்கிட்டுப் போ. போ, காப்பி ஆறுது."

மர்சுகி முணுமுணுத்துக்கொண்டே குன்று ஏறினான். ஹஸ்பலா பானையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். இவனைக் கண்டதும் முகம் செத்துப்போனது.

"இடத்தைக் குடுத்துட்டியா?"

"இல்ல. துணி கட்டியிருக்காம். ஏன்னு கேக்கக் கூடாதாம்."

"என்ன துணி?"

"உங்க கைலிண்ணே!"

நடந்ததை மர்சுகி சொல்லச் சொல்ல ஹஸ்பலா முதலில் விழித்தான். துடைப்பக்கட்டை வந்ததும் சிரித்துவிட்டான். நடுக்கம் நிற்கவில்லை, நடுங்கிக்கொண்டே சிரித்தான். பிறகு பானையைத் திறந்து நீட்டினான்.

"சோறு இருக்கு. திங்கிறியா?"

"குழம்பு?"

"குழம்புக்கு ஏதுடா நேரம்?"

வெறும் சோற்றை இரண்டு பேரும் பிசைந்து தின்றார்கள்.

வியாதி போகவில்லை. போனது என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். நோன்பு முழுக்க அணியம் மொட்டையாக நின்றது. பெருநாள் கழிந்த வாரம் இரண்டு முறை துணி ஏறியது. பிறகு வெகுநாள் இல்லை. மச்சான் ஏறிய நாட்களில் படகு ஓரமெல்லாம் கழுவ வேண்டியிருந்தது. ஆனால் துணி ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அப்படி ஒரு விடியலில் கைலியை அவனே கட்டினான். உள்ளே வந்து படுத்தான், பானையைத் தொடவில்லை. ஆட்கள் தெருவில் போகும் காலடி கேட்டது, வாசலில் நிதானித்தது, நகர்ந்துபோனது. ஒருவனும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. தூரத்தில் இஞ்சின் சத்தம் தேய்ந்தது.

கண் திறந்தபோது வெயில் கட்டிலுக்கு வந்திருந்தது. கரையில் இப்படித் தூங்கி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ருக்கையா வாசற்படியில் உட்கார்ந்து, பாக்கை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்படி வைக்கிறே? கொட்ட வேண்டியதுதானே" என்றான்.

"தூங்கினீங்க" என்றாள்.

அவன் வெளியே போய் அணியத்தைத் தொட்டுப் பார்த்தான். கைலி நன்றாகக் காய்ந்திருந்தது. அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு காப்பிக்கடைக்குப் போனான்.