விசிறிக்குப் பக்கத்துத் தட்டு

எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கக்கூடத் தெரியாத டாக்டர். ஆனால் செடியைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவார். ஒரு செடி தாகத்தில் வாடினால், மரபணு மாறாமலே அதன்மேல் ஒரு அடையாளம் விழுகிறது. தண்ணீர்க் குறையே இல்லாமல் வளர்ந்த பேரன் பேத்திச் செடிகளும் அந்தத் தாகத்தை மறப்பதில்லை, வறட்சியைத் தாங்கிக்கொள்கின்றன. இதை நிரூபிக்கப் பதினாறு வருஷம் மாடாய் உழைத்தார். விருது வந்தது, விதை வயலுக்கும் போனது. முதல் மூட்டையைக் கேட்டு வாங்கியவன் சொந்தத் தம்பி.

போன மாதம் வளர்ப்பறைக்கு வெள்ளையடிக்க அலமாரிகளை இழுத்துப் போட்டார்கள். திரும்ப வைத்தபோது தட்டுகள் இடம் மாறிவிட்டன. இன்று, சோதனைக்காக நீரை நிறுத்தி ஒன்பதாம் நாள், அவருடைய செல்லச் செடிகள் துவண்டு கிடந்தன. எந்தப் பரம்பரைச் சிறப்பும் இல்லாத சாதாரணச் செடிகளோ விசிறிக்குப் பக்கத்துத் தட்டில் விறைப்பாக நின்றன.

டாக்டரம்மா பழைய நோட்டுகளைப் புரட்டினார். குழப்பம் வரக் கூடாதென்று தன் செடிகளின் ஒவ்வொரு தலைமுறையையும் அதே விசிறிப் பக்கம்தான் வைத்திருக்கிறார். காற்றில் மண் காய்ந்து, ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தாகப்பட்டே தேறியிருக்கிறது. தாத்தாவின் ஞாபகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒழுங்காக இருக்க நினைத்ததே வினையாகிப் போயிற்று.

உடனே தம்பியை ஃபோனில் கூப்பிட்டார்.

"விதைய இன்னும் போடலதானேடா?"

"பாதிக்கு மேல போட்டாச்சுக்கா! நான் மட்டுமில்ல, அக்கம்பக்கத்துல எல்லாரும்தான். இந்த வருஷ வாய்க்கால் தண்ணிய வேற ஊருக்கு விட்டுக்கொடுத்து கையெழுத்தே போட்டுட்டோம்."

"நிறுத்துடா! அது தண்ணியில்லாம தாங்காது. நான் தப்புப் பண்ணிட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்புதான் கேட்டது. "ஒவ்வொரு பரீட்சைக்கும் இதே பாட்டுதானே? ஃபெயிலாயிடுவேன்னு அழுது வீட்டையே ரெண்டாக்குவ. அப்புறம் முதல் மார்க்கோட வந்து நிப்ப."

"இது அப்படி இல்லடா. சத்தியமா சொல்றேன், பட்டினி கிடப்பீங்க."

"சரி சரி, கொஞ்சம் தூங்கி எழுந்திரு."

பிறகு அவன் ஃபோனைத் தள்ளிப் பிடித்து யாரிடமோ சொல்வது தெளிவாகக் கேட்டது.

"அக்காதான். வழக்கம்போல பயப்படுது. நீங்க விதைங்க."