காற்று உள்ளே

வெள்ளைத் துணி மறுபடியும் எழுந்தது. மார்புக்கு மேல் மெல்ல உப்பி, ஒரு கணம் நின்று, தணிந்தது. பிறகு மறுபடியும்.

"பாத்தியா," என்றாள் அம்மா. குரலில் பதற்றமே இல்லை. அடுப்பில் பால் பொங்குவதைக் காட்டுகிறவள் போலச் சொன்னாள்.

மகள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். அப்பா இறந்து எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. காலையில் பல் தேய்க்கப் போனவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்து, காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான்கு மணிக்கு வண்டி வரும். அம்மா மட்டும் தலைமாட்டு நாற்காலியை விட்டு எழவில்லை. வண்டியை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

"டாக்டர் வந்தப்ப இவர் தூங்கிட்டிருந்தார். அந்தாளு ரெண்டு நிமிஷம் நின்னு பாக்கல. இருபது நிமிஷம் தூங்குறார், பத்து நிமிஷம் மூச்சு விடுறார். நான் கடிகாரத்தப் பாத்துட்டுதான் சொல்றேன்."

அவள் சொன்ன நேரம் சரிதான். மகளும் கடிகாரத்தைப் பார்த்திருந்தாள்.

கட்டிலை ஒட்டி ஒரு கதவு மூடியிருந்தது. அதற்கு அப்பால் காளான் அறை. முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்ந்த அப்பா, பின்னறையைக் காளானுக்கென்று மாற்றியிருந்தார். சுவரெல்லாம் பிளாஸ்டிக் தாள். கயிற்றில் தொங்கும் வைக்கோல் பைகள். உயரத்தில், கெட்ட காற்றை வெளியே தள்ள ஒரு விசிறி. காளானும் மூச்சு விடும். விட்ட காற்று அறையிலேயே தங்கினால் தண்டு நீண்டு குடை சிறுத்துப்போகும். அதனால் அரை மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் விசிறி ஓடும்படி டைமர் வைத்திருந்தார்.

காற்று உள்ளே வரத்தான் வழி வைக்கவில்லை.

மகள் வேலை பார்ப்பது ஏசிக்குக் காற்றுக்குழாய் போடும் கம்பெனியில். போன மாதம் படமே வரைந்து கொண்டுவந்திருந்தாள். விசிறிக்கு எதிர்ப்பக்கம், தரையை ஒட்டி, விசிறியைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை. பூச்சி வராமல் அதற்கு ஒரு வலை.

"வெளிய தள்ளுற அளவுக்கு உள்ள வரணும்ப்பா. இல்லேன்னா வீட்டுலேருந்துதான் இழுக்கும்."

"இழுக்கட்டுமே. வீட்டுக் காத்து என்ன, விஷமா?"

"உங்களோட பேசுறதுக்கு அந்த விசிறியோட பேசலாம்."

"பேசு. அதாச்சும் நான் சொன்னபடி சுத்துது."

படத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பற்றியுமே அதிகம் பேசவில்லை.

இப்போது அந்த விசிறிதான் இழுத்தது. தலைமாட்டு ஜன்னலின் இடுக்கில் புகுந்த காற்று, துணிக்கு அடியில் நுழைந்து, அப்பாவின் நீளம் முழுக்கக் கடந்து, கதவின் அடியில் சன்னமாக விசிலடித்தபடி அந்த அறைக்குள் போனது. விசிறியின் வெளிமூடி திறந்து திறந்து மூடியதால் இழுப்பும் விட்டுவிட்டு வந்தது. எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும், துணி எழும்போது அவளுடைய மூச்சும் கூடவே எழுந்தது. போன தடவை விசிறிச் சத்தம் கேட்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே துணி அசைந்ததாக ஒரு சந்தேகம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

சத்தம் நின்றது. துணி படிந்தது. மூக்கின் மேடு தெரிந்தது.

"தூங்கிட்டார்," என்றாள் அம்மா.

"டைமர அணைச்சிடலாம்மா." அது அம்மாவின் தலைக்கு மேலே சுவரில் இருந்தது.

"அதுல கை வெக்காத. அவர் ஓட விட்டது. ஓடட்டும்."

மகள் கொல்லைப்பக்கம் போனாள். சித்தப்பா செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"சத்தம் போடாதீங்க, உங்கண்ணன் எழுந்துடுவார்ங்கிறாங்க அண்ணி. நானும் திருடன் மாதிரி அடிமேல அடி வெச்சு வந்துட்டேன். வெளிய வந்தப்புறந்தான் ஒறச்சுது." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நாலு மணிக்கு என்ன பண்ணப்போற? அவங்களப் பிடிச்சு இழுக்கவா முடியும்?"

அவள் காளான் அறையின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே முன்பு ஒரு வாசல் இருந்தது. அப்பா கதவைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து மூடியிருந்தார். படியில் உட்கார்ந்து பார்த்தபோது, பலகையின் அடிப்பகுதியில் பென்சிலால் போட்ட ஒரு வட்டம் தெரிந்தது. விட்டம், தரையிலிருந்து உயரம், எல்லாம் அவள் படத்தில் போட்ட அதே அளவு. பக்கத்தில் அம்புக்குறி போட்டு, 'காற்று உள்ளே' என்று எழுதியிருந்தார். வழக்கம்போலத் தேதியும் போட்டிருந்தார். நேற்றைய தேதி.

கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். இந்த வட்டத்தை அறுத்தால் துணி அசையாது. அம்மா காலையிலிருந்து காத்துக்கொண்டிருக்கும் மூச்சு நின்றுவிடும். நிறுத்தியது இந்தக் கையாக இருக்கும்.

"சித்தப்பா, அவரோட சின்ன ரம்பமும் ட்ரில்லும் எடுத்துட்டு வாங்க."

கோட்டை விட்டு விலகாமல் அறுத்தாள். கடைசி இழை அறுந்ததும் வட்டப் பலகை உள்ளே விழுந்தது. அந்த நேரம் பார்த்து விசிறி சுழலத் தொடங்கியது. அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு காற்று உள்ளே போனது. யாரோ உள்ளே இருந்து கையைப் பிடித்தாற்போல இருந்தது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

உள்ளே வந்தபோது கதவடியில் விசில் இல்லை. அம்மா துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடியும் துணியை. அதன் ஓரத்து நூல்கூட ஆடவில்லை. மகள் சுவரோடு சுவராக நின்றாள்.

"எங்க அறுத்தே?" அம்மா திரும்பாமலே கேட்டாள்.

"பின்னாடி, பலகையில. அப்பாவே கோடு போட்டு வெச்சிருந்தார்."

"தெரியும். நேத்து சாயங்காலம் குனிஞ்சு போட்டுட்டிருந்தார். இடுப்பு பிடிச்சுக்கும்னேன். அவ சொன்னதுதான் சரி, ஆனா அவகிட்ட சொல்லித் தொலைக்காதேன்னார்."

காலையிலிருந்து முதல் முறையாக அம்மா எழுந்தாள். முழங்கால் பிடித்துக்கொள்ள, கட்டில் சட்டத்தில் கை ஊன்றி நிமிர்ந்தாள். "வண்டி வரட்டும்," என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள்.

மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பாவோடு தனியாக இருப்பது அன்று அதுதான் முதல் தடவை. ஏதாவது சொல்லத் தோன்றியது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

கதவடியில் விசில் கேட்டது.

அவள் நிமிர்ந்தாள். துணி, மார்புக்கு மேல், மெல்ல உப்பியது. நின்றது. தணிந்தது.

கொல்லை வாசலில் சித்தப்பா வந்து நின்றார். கட்டில் பக்கம் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னார்: "அண்ணி படியில உக்காந்து பலகையில சாஞ்சுட்டாங்க. முதுகு ஓட்டைய அடைச்சிட்டிருக்கு. எழுப்பட்டுமா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். விசிறி நிற்க இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

"வேண்டாம் சித்தப்பா," என்றாள். தலைமாட்டில் விலகியிருந்த துணியின் ஓரத்தைச் சரிசெய்தாள். அழுத்திப் பிடிக்கவில்லை.