ரோதைமுனியின் கடைசிச் சொல்

2025 ஜனவரி 18, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது. பதுளையில் தூறல். நமுனுகுல மலை காலையிலேயே மேகத்துக்குள் போய்விட்டது. இன்றைக்கு வெளியே வரும் எண்ணம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

சுலோஜனா மெய்ப்புத் தாள்களின் கடைசிப் பக்கத்தில் இருந்தாள். வெகு நேரமாக அதே பக்கம்தான். திருத்த அங்கே ஒன்றுமில்லை. ஆனால் தாளைக் கீழே வைத்தால் அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி எழும். அதற்கு விடை தேடும் தெம்பு அவளிடம் இல்லை.

பகலில் உயர்தர வகுப்புக்கு இலக்கணம் கற்பிப்பவள். மாலையில் முனிகளையும் மோகினிகளையும் பதுளை நகரத்தில் குடியேற்றுபவள். பதினொரு வருடத்தில் அவள் எழுதியது நான்கு பாகங்கள் கொண்ட ஒரே கதை. கதையின் நாயகன் ரோதைமுனி. தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய சக்கரத்தைத் தோட்டத்தில் ரோதை என்பார்கள். அந்த ரோதைக்குக் காவலான தெய்வம் அவன். தொழிற்சாலை மூடப்பட்டதும் பஸ் ஏறிப் பதுளைக்கு வருகிறான். ஒரு துணிக்கடையில், லிஃப்டுக்கு மேலே சுழலும் சக்கரத்தைக் கண்டு, காக்க ஒன்று கிடைத்ததென்று அங்கேயே தங்கிவிடுகிறான். அதே கடையின் சேலைப் பிரிவில் ஒரு மோகினி சம்பளத்துக்கு நிற்கிறாள். யாழ்ப்பாணத்து வாத்தியார் குடும்பத்துப் பெண்ணான சுலோஜனாவுக்குத் தோட்டத்துக் கதையெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டவர்கள் உண்டு. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் பதுளை ஆசுபத்திரிக்குப் பின்னால் என்பதை அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

நான்காம் பாகத்தின் முடிவில் முனி ஒருமுறை தோட்டத்துக்குத் திரும்பிப் போகிறான். துருவேறிய ரோதையைப் பார்க்கிறான். முன்பு அவனைத் தன்மேல் ஏற்றுச் சாமியாடிய மாயாண்டி பஸ் தரிப்பு வரை கூடவே நடந்து வருகிறான். பஸ் வருகிறது. புத்தகத்தின் கடைசி வரி இது: “போறேன்” என்றான்.

கிளம்புகிற எவரும் அப்படிச் சொல்வதில்லை. தோட்டத்தில் “போயிட்டு வர்றேன்” என்பார்கள். சுலோஜனாவின் வீட்டில் “போட்டு வாறன்” என்பார்கள். திரும்பி வருவதைச் சொல்லாமல் விட்டுப் போவது, வராமல் போவதற்குச் சமம். அது தெரிந்துதான் அவள் எழுதினாள். துணையாக இன்னொரு வினை இல்லாமல், ஒற்றைச் சொல்லாக, கதவைச் சாத்துவது போல. அந்தச் சொல்லோடு முனி போனான். அவளும் மேசையிலிருந்து எழுந்தாள். நான்கு பாகங்களிலும் மாற்றத் தேவையில்லாத இடம் அது ஒன்றுதான் என்பது அவளுடைய கணிப்பு.

கொழும்பிலிருந்து பதிப்பாளர் நிசாந்தினி அழைத்தாள்.

“அக்கா, மெய்ப்பு முடிஞ்சுதே? ரெண்டாம் பதிப்பு திங்கள் அச்சுக்குப் போகவேணும்.”

“முடிஞ்சுது.”

“அந்தக் கடைசிச் சொல்லை மட்டும்...”

“நிசாந்தினி.”

“இல்லையக்கா, ‘போயிட்டு வர்றேன்’ எண்டு போட்டால் அஞ்சாம் பாகத்துக்கு ஒரு வழி இருக்கும். வாசிக்கிறவை கேக்கினம்.”

“வாசிக்கிறவை கேப்பினம். எழுதுறவளுக்குக் கை நோகுது.”

“கைக்கு மருந்து இருக்கு.”

“களைப்புக்கு இல்லை. அவன் போயிட்டான், பிள்ளை. என்னையும் விடு.”

நான்கு மணிக்கு, சொல்லிவைத்தபடி, மேமலைத் தோட்டத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் கோயில் கமிட்டிச் செயலாளர் ஜெயரூபன். முச்சக்கர வண்டி ஓட்டுபவன். பின்னால் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து ஏறியவர் சாமியாடி ரெங்கசாமி. அவருக்கும் பின்னால், அவர் விழுந்தால் தாங்குகிற தூரத்தில், மனைவி கருப்பம்மா.

“இருங்கோ” என்றாள் சுலோஜனா. ரெங்கசாமி கதிரையின் நுனியில் உட்கார்ந்து ஒரு காலை மடக்காமல் நீட்டிக்கொண்டார்.

“டீச்சர், மாசியில எங்க திருவிழா” என்று தொடங்கினான் ஜெயரூபன். “ரோதைமுனிக்குத்தான் மொத பூசை. ஃபெக்டரி இல்லாட்டியும் கோயில் இருக்கு. ஐயாவுக்குத்தான் சாமி வரும். அவரு அப்பாவுக்கும் வந்துச்சு. இந்தத் தடவ வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம உடுக்கை அடிச்சுப் பாக்குறோம். வரல.”

“ஏன்?”

“உங்க பொஸ்தகத்தாலதாங்க.”

கருப்பம்மா சிரித்தாள். “போன வருஷமெல்லாம் உடுக்கைய உறையிலருந்து எடுக்கிறதுக்குள்ள வந்துச்சு. இப்ப அடிச்சவன் கை வீங்குனதுதான் மிச்சம். இவரு கல்யாண வீட்டு மாப்பிள்ள மாதிரி ஒக்காந்திருக்காரு.”

ரெங்கசாமி மனைவியைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

“ஐயாவோட மக விதுஷா பொஸ்தகத்த வாசிச்சுக் காட்டியிருக்கு” என்றான் ஜெயரூபன். “சாமி ‘போறேன்’னு சொல்லிருச்சு, இனி எங்க வர்றதுங்கிறாரு.”

“எங்க ஆடு மேயக் கெளம்புனாக்கூட ‘போயிட்டு வா’ன்னுதான் அனுப்புறோம்” என்றாள் கருப்பம்மா.

“அது கதை, தம்பி. நான் எழுதின முனி வேற.”

“எனக்குத் தெரியும் டீச்சர். நான் நம்பல. ஆனா தோட்டத்துல பாதிப் பேரு, பதுளைக்கு வந்தா லிஃப்டுக்கு வெளிய செருப்பக் கழட்டுறாங்க.”

சுலோஜனாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“நான் என்ன செய்யவேணும்?”

“ரெண்டாம் பதிப்பு வருதாமே. ‘போயிட்டு வர்றேன்’னு மாத்திருங்க. மாத்துறீங்கன்னு கையெழுத்துப் போட்டு ஒரு தாள் குடுத்தாப் போதும். கூட்டத்துல வாசிச்சிருவேன். ஐயாவும் எழும்பிருவாரு.”

ஒரே நாளில், ஒரே சொல்லுக்கு, இரண்டு திசையிலிருந்து ஒரே கோரிக்கை. நிசாந்தினிக்கு முனி திரும்பி வர வேண்டும். இவர்களுக்கும் வர வேண்டும். அவன் வந்தால் யார் மேசைக்கு வருவான் என்று எவரும் கேட்கவில்லை. மறுப்பை எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது கீழே ஹோர்ன் அலறியது. ஜெயரூபனின் வண்டி குறுகிய ஒழுங்கையை மறித்து நின்றது. “இந்தா வர்றேன்” என்று அவன் இறங்கி ஓடினான்.

காலடிச் சத்தம் தேயும் வரை கருப்பம்மா காத்திருந்தாள். பிறகு கணவரிடம் திரும்பினாள். குரலில் கிண்டல் இல்லை.

“போயிட்டான். சொல்லுங்க. சுருக்கச் சொல்லுங்க.”

ரெங்கசாமி தொண்டையைச் செருமினார். “அந்த வார்த்தைய மாத்திராதீங்க டீச்சர்.”

சுலோஜனா பேனாவை மூடினாள்.

“சாமி வராம இல்லீங்க. மொத வெள்ளிக்கெழமயே வந்துச்சு. வாசல்ல நின்னுச்சு. நான்தான் எழும்பல. கண்ண மூடி ஒக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் பாத்துச்சு, போயிருச்சு.”

“ஏன் எழும்பேல்லை?”

“ஒடம்பு கேக்கல. கத்தி மேல ஏறி நிக்கணும். முழங்கால் போயிருச்சு. சாமிக்குன்னு முழுப் போத்தல் சாராயம் வைப்பாங்க. சாமி குடிச்சிட்டுப் போயிரும். விடிஞ்சாக் கெடந்து வாந்தி எடுக்குறது நானு. இனி ஒரு சொட்டு தொட்டா ஈரல் தாங்காதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு.”

“அதை அந்தத் தம்பியிட்டச் சொல்லலாமே.”

“சொன்னாரு” என்றாள் கருப்பம்மா. “சாமி ஏறுனா ஈரல் எல்லாம் அது பாத்துக்கும்னுட்டான். மனுசனா விலக முடியாதுங்க. சாமிதான் விடணும். வாய்விட்டுச் சொல்லணும். நல்ல வேளைக்கு உங்க பொஸ்தகத்துல சொல்லிருச்சு.”

“ஆக, பழியை என்னில போட்டியள்.”

“ஆமாங்க” என்றார் ரெங்கசாமி. கூச்சப்படும் அளவுக்குக்கூட அவரிடம் வலு மிச்சமில்லை.

“மாத்துனா இவரு தாங்க மாட்டாரு” என்றாள் கருப்பம்மா. “மாத்தாட்டி, இவராலதான் சாமி தோட்டத்தயே விட்டுப் போச்சுன்னு லயத்துச் சனமே திட்டும். திட்டு வாங்கிக்கலாம். மனுசன் இருக்கணும்ல.”

சுலோஜனா கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். போறேன். எழுவாய் தோன்றாமல் உள்ளே இருக்கிறது. பயனிலை இருக்கிறது. யாரிடம் சொன்னான் என்பது இல்லை. அதை வேண்டுமென்றுதான் அவள் விட்டிருந்தாள்: எல்லாரிடமும் சொன்னதாக இருக்கட்டும், தன்னிடமும். ஒரு பெயரைச் சேர்த்தால் போதும். எட்டாம் வேற்றுமைக்கு உருபுகூட வேண்டாம், கூப்பிட்டால் ஆயிற்று. ஆனால் பெயர் ஏறியதும் அந்தச் சொல் ஒரு மனிதனை மட்டும் விட்டுப் போகும். தோட்டம் திறந்தே கிடக்கும். முனி திரும்பி வருவான். திங்கட்கிழமை அதை வாசித்த மறு நிமிடம் நிசாந்தினிக்குள் ஐந்தாம் பாகம் பிறந்துவிடும். அதற்குப் பிறகு மாலைகள் எல்லாம் பழையபடி இந்த மேசையில்தான்.

பேனாவைத் திறந்தாள். “போறேன்” என்பதன் பின்னால் காற்புள்ளி இட்டு “மாயாண்டி” என்று எழுதினாள். வாக்கியம் முன்னைவிடக் கெட்டுப்போயிருந்தது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஜெயரூபன் மூச்சு வாங்க ஏறி வந்தபோது அவள் வேறொரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். முடித்ததும் வாசித்துக் காட்டினாள்.

“நான்காம் பாகத்தின் இறுதி வரி இரண்டாம் பதிப்பில் ‘போறேன், மாயாண்டி’ என்று அமையும். முனி விடைபெறுவது தன்னை ஏற்று ஆடியவரிடம் மட்டுமே, தோட்டத்திடம் அன்று.”

“‘போயிட்டு வர்றேன்’ இல்லையா, டீச்சர்?”

“இல்லை.”

“அப்ப சாமி தோட்டத்துல இருக்கா?”

“போனதாக இனி எங்கையும் எழுதியிருக்காது.”

“ஐயாவுக்கு?”

“ஆடுனவன் பேரச் சொல்லியே விட்டுருச்சு, அப்புறம் என்ன?” என்றாள் கருப்பம்மா. “வேற ஆளுக்கு வரட்டும். ஒனக்கே வந்தாலும் வரும். குடிக்கத்தான் நல்லாத் தெரியுமே ஒனக்கு.”

ஜெயரூபன் தன் உடம்பில் எங்கேயோ எதுவோ நடக்கிறதா என்று சோதிப்பவனைப் போலச் சற்று நேரம் நின்றான். “கூட்டத்துல கேப்பாங்க” என்றான் கடைசியில், முன்னைவிடத் தாழ்ந்த குரலில்.

“கேட்டால் என்ர நம்பரைக் குடுங்கோ.”

அவள் தாளை இன்னொரு முறை படித்தாள். விடுபட்ட ஒற்று ஒன்றைச் சேர்த்தாள். திகதி இட்டாள், ‘சுலோஜனா சிற்றம்பலம்’ என்று முழுப் பெயரில் கையெழுத்திட்டாள். மை காய ஊதினாள். ஜெயரூபன் கையை நீட்டினான். அவள் அவனைக் கடந்து, நீட்டிய காலைச் சுற்றிக்கொண்டு போய், தாளை ரெங்கசாமியின் கையில் கொடுத்தாள்.