ஐஸ்காரனின் பதினொரு விநாடி

"என் பேர் அஸ்ஜத். வயசு இருபத்திமூணு. முந்தல்ல இறால் பண்ணையில வேல. இந்த எபிசோடுல ஐஸ்காரனுக்குப் பேசினது என்ட காக்கா ஹுனைஸ். ஒம்பது வருஷமா அவரக் காணல்ல. எப்ப பேசினார், இப்ப எங்க இரிக்கிறார் எண்டு தெரிஞ்ச யாராவது சொல்லுங்க."

எபிசோடின் கீழே இட்ட இந்தக் கருத்தை அஸ்ஜத் வாயால்தான் சொன்னான். அலைபேசி எழுத்தாக்கிக்கொண்டது. பண்ணைச் சுண்ணாம்பில் விரல் நுனிகள் வெடித்துப்போயிருந்ததால் இப்படி எழுதுகிறான் என்றுதான் கூட வேலை செய்கிறவர்கள் நினைத்தார்கள். உண்மைக் காரணம் வேறு. போன வருஷம் முசலியில் இருக்கும் உம்மாவுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினான். கமீலா உம்மா அதைக் கேட்டுவிட்டு, "ஹுனைஸ், எங்க மகன் இரிக்கிறாய்?" என்று வாசலுக்கு ஓடினாளாம். வளர வளர அவனுடைய குரல் காக்காவின், அவன் அண்ணனின், குரலாகவே ஆகிவிட்டிருந்தது. அதன் பிறகு வீட்டாருக்கு அவன் எழுத்து மட்டுமே அனுப்பினான்.

பதினாறு வருஷமாக ஓடும் 'முடக்குத் தெரு' என்ற கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர் அது. கொழும்பில் தமிழ்க் குரல் போட்டு முன்பு சனிக்கிழமைகளில் தொலைக்காட்சியில் காட்டினார்கள். இப்போது இணையத்தில் ஏற்றுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன் ஏற்றிய எபிசோடில் ஓர் ஐஸ்காரன் வண்டி தள்ளிக்கொண்டு தெருவுக்குள் வருகிறான். யாரும் வாங்கவில்லை. "ஐஸ் இருக்கு, ஐஸ்! வாங்காட்டியும் பரவால்ல, தொட்டாவது பாருங்க" என்கிறான். மூச்சை உள்ளே இழுத்து, கொஞ்சம் பிந்திச் சிரிக்கிறான். வண்டி முடக்கில் திரும்பிப் போய்விடுகிறது. எல்லாம் பதினொரு விநாடி.

பார்த்தவர்கள் கீழே எழுதித் தள்ளியிருந்தார்கள். இருநூறாவது எபிசோடோடு தொடரின் உப்பு போய்விட்டது என்று ஒருவர். தபால்காரனின் மீசை கதவிடுக்கில் மாட்டிய இடத்தில் தேத்தண்ணி மூக்கால் வந்தது என்று மட்டக்களப்புப் பெண் ஒருத்தி. புது எபிசோட் பழையதைப்போல இல்லை, பரவாயில்லை என்று பலர். "ஐஸ்காரனுக்குக் குரல் குடுத்தது ஆரப்பா? தொண்டைக்குள்ள தும்புக்கட்டையா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். அதற்கு நாற்பது பேர் சிரித்திருந்தார்கள்.

அஸ்ஜத் முதலில் அதைக் கேட்டது பண்ணைக் கொட்டிலில், பகல் சோற்றுக்கு முன்னால். சிலாபத்து லோறன்ஸ்தான் தன் அலைபேசியில் போட்டுக்கொண்டிருந்தான். ஐஸ்காரன் சிரித்ததும் அவன் திரும்பிப் பார்த்தான்.

"நீ எப்படா இதுல பேசினாய் மச்சான்? எங்களுக்குச் சொல்லவே இல்ல."

அஸ்ஜத் சோற்றை விட்டு எழுந்தான். வரம்பில் போய் நின்று அந்தப் பதினொரு விநாடியையே திரும்பத் திரும்பப் போட்டான். வெயில் குளத்தின் மேல் தகதகத்தது. தண்ணீரைக் கலக்கும் துடுப்புச் சக்கரங்களின் இரைச்சலுக்கு மேலே காக்கா கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தொட்டாவது பாருங்க.

ஹுனைஸ் போனது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில். அவுஸ்திரேலியாவுக்குக் களவாக ஆள் ஏற்றிய வள்ளம் உடப்புப் பக்கத்துக் கடலில் இருந்து புறப்பட்டது. அப்போது வீட்டார் பாலாவியில் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தார்கள். பதினான்கு வயது அஸ்ஜத்தான் பஸ் நிறுத்தம் வரை பையைச் சுமந்துபோனான். கொழும்பில் வேலை கிடைத்திருப்பதாக உம்மாவிடம் சொல்லச் சொல்லிக் காக்கா காதைத் திருகினான். அஸ்ஜத் அப்படியே சொன்னான். மூன்று நாள் அந்தப் பொய்யைக் காப்பாற்றினான். நாலாம் நாள் வாயைத் திறந்தபோது வள்ளம் எந்தக் கடலில் என்று யாருக்கும் தெரியவில்லை. அதில் போன நாற்பது பேரில் ஒருவரிடமிருந்தும் சேதி வரவில்லை. அன்று ஒரு நாள் முந்திச் சொல்லியிருந்தால் என்று அவன் நினைக்காத நாள் இல்லை. வேறு இடத்தில் வேலை கிடைத்தும் அந்தக் கடலுக்குப் பக்கத்திலேயே அவன் கிடந்ததற்கும் அதுதான் காரணம்.

அதனால்தான் இந்த முறை அவன் ஒரு நிமிஷமும் தாமதிக்கவில்லை. யாரையும் கேட்காமல் அந்த ஞாயிற்றுக்கிழமையே குடும்பக் குழுவுக்குச் சொல்லிவிட்டான்: காக்கா உயிரோடு இருக்கிறார், இரண்டு வாரத்துக்கு முன் வந்த எபிசோடில் பேசியிருக்கிறார்.

அந்தச் செய்தி போய் விழுந்த இடம் நிஃப்லாவின் கலியாணம். நிஃப்லா ஹுனைஸின் மனைவி. ஒரு வருஷம் குடித்தனம் நடத்தி, ஒன்பது வருஷம் காத்திருந்தவள். இந்த வருஷம்தான் காதியார் விசாரித்து அந்த மணத்தை முறித்துக் கொடுத்திருந்தார். கற்பிட்டியில் கருவாட்டு வியாபாரம் செய்யும் இஸ்ஸதீனோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். உம்மா செய்தி கேட்டதும் பாலாவியில் நிஃப்லா வீட்டுக்குப் போன் எடுத்து, உயிரோடு இருக்கிறவனின் பெண்சாதிக்கு என்ன நிக்காஹ் என்று அழுதாள். இஸ்ஸதீனின் வீட்டாருக்கு அது எட்டியது. மணமுறிவுக் கடதாசி இருந்தாலும் ஆள் வந்து நின்றால் யார் முகத்தில் முழிப்பது என்று அவர்கள் பின்வாங்கினார்கள். வியாழன் பின்னேரம் அஸர் தொழுகைக்குள் தெளிவாக ஒரு சொல் வராவிட்டால் தங்களை விட்டுவிடும்படி சொல்லியனுப்பினார்கள்.

தொடர்காரர்களுக்கு அஸ்ஜத் மூன்று தரம் எழுதிப் பார்த்தான். பதில் இல்லை. அவன் கருத்தின் கீழே மட்டும் ஆட்கள் வந்து போனார்கள். லைக் வாங்க இப்படியும் ஒரு வழியா என்று ஒருவன். அல்லாஹ் சேர்த்து வைப்பான் என்று ஒருத்தி. புதன்கிழமை காலையில் உடப்பிலிருந்து பவளம் என்ற பெயரில் ஒன்று வந்திருந்தது.

"தம்பி, அதே வள்ளத்திலதான் என்ட மகன் அருள்குமரனும் போனவன். உங்கட அண்ணாவக் கண்டா அவனையும் விசாரிங்க. வலது புருவத்தில வெட்டுக் காயம் இருக்கும்."

அதை வாசித்தபோது அவனுக்கு நாற்பது வீட்டுக் கதவையும் தானே தட்டிவிட்டு நிற்பதுபோல இருந்தது.

வியாழன் காலை பத்து மணிக்கு, இறால் தின்றிருக்கிறதா என்று பார்க்கத் தீனித் தட்டைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. நிஃப்லா மதினி. ஒன்பது வருஷத்தில் அவள் அவனுக்குப் போன் எடுத்ததில்லை.

"தம்பி, நீங்க ஒண்டும் கதைக்க வேணாம்" என்றாள். "நான் சொல்றத மட்டும் கேளுங்க. நீங்க கதைச்சா எனக்குச் சொல்ல ஏலாமப் போயிடும்."

ஏன் என்று அவனுக்கு விளங்கியது. வாயை மூடிக்கொண்டான்.

"அது அவர்தான். சந்தேகமே இல்ல. ஆனா அது புதுசில்ல தம்பி. கலியாணத்துக்கு முந்தி, கொழும்புல அந்தக் குரல் எடுக்கிற இடத்துக்குச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போனவர். அண்டைக்கு யாரோ ஆள் வரல்லயாம். ஒனக்கு நல்ல குரல் இரிக்கி, இதப் பேசு எண்டு நிப்பாட்டி இரிக்கிறாங்க. ஒரு சோத்துப் பாசலும் குடுத்தாங்களாம். வாப்பாக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிருவார் எண்டு வீட்டுல மறச்சிட்டார். எனக்கு மட்டும் பேசிக் காட்டுவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் டீவிக்கு முன்னால குந்திக்கிட்டு இரிப்பார், இண்டைக்கு வரும், இண்டைக்கு வரும் எண்டு. அந்தக் கதைய அவங்க அப்ப போடவே இல்ல, இப்பதான் போட்டிரிக்கிறாங்க."

அஸ்ஜத் தட்டைத் திரும்பத் தண்ணீருக்குள் இறக்கினான். நிக்காஹ் நின்றுபோகும் நிலையிலும் இவள் ஏன் நாலு நாள் பேசாமல் இருந்தாள் என்று கேட்க நினைத்தான். கேட்காமலே அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"முதல் நாளே சொல்லியிரிக்கலாம். சொல்ல மனம் வரல்ல. சொன்னா அதோட முடிஞ்சிரும்தானே. அத நானும் ராவும் பகலுமாக் கேட்டுக்கிட்டு இரிந்தன். ஒம்பது வருஷமா எனக்கு அந்தக் குரல் மறந்து போச்சி எண்டு பயந்துக்கிட்டு இரிந்தன் தம்பி." பிறகு சொன்னாள்: "இஸ்ஸதீன் நல்ல மனிசன். எனக்கு இனி வாசலப் பாத்துக்கிட்டு இரிக்க ஏலாது. நான் சொன்னா மாமி நம்பமாட்டா, கலியாண ஆசையில சொல்றாள் எண்டுவா. நீங்கதான் சொல்லணும்."

"ம்" என்றான் அஸ்ஜத். அந்த ஒரு சத்தத்துக்கே மறுபக்கம் அவள் மூச்சு தடுமாறியது. அழைப்பு நின்றது.

முதலில் பவளத்துக்குப் பதில் சொன்னான். அது பழைய பதிவு என்றும், தான் விசாரிக்காமல் எழுதிவிட்டதாகவும் மன்னிக்கும்படியும் சொன்னான். அதற்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு தன் பழைய கருத்தை அழித்தான். ஐஸ்காரனைப் பற்றிய கேலி மட்டும் அங்கேயே கிடந்தது.

அடுத்தது உம்மா. உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. தங்கச்சி ஸும்ராவோ மாமா செய்னுலாப்தீனோதான் குழுவில் வருவதை வாசித்துக் காட்டுவார்கள். நேரே போன் எடுத்துச் சொன்னால் என்ன என்று ஒரு கணம் யோசித்தான். ஹுனைஸின் குரலில், ஹுனைஸ் வரமாட்டான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

லோறன்ஸ் கொட்டிலில் இருந்ததால் அவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். அலைபேசியை வாயருகே பிடித்தான். தன் குரல் தனக்கே அந்நியமாக வந்தது, தோளுக்குப் பின்னால் இன்னொருவன் நின்று பேசுவதுபோல. திரும்பிப் பார்த்தான். வரம்பும் வெயிலும்தான். மறுபடி பிடித்து, இரைச்சலுக்குள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். எழுத்துகள் சத்தமில்லாமல் வந்து விழுந்தன.

"அஸ்ஜத் சொல்றன். நான் விசாரிக்காம எழுதினது பிழ. அது காக்கா கலியாணத்துக்கு முந்திப் பேசினது. அண்டைக்கு நான் மூணு நாள் பொய் சொன்னன். இண்டைக்குச் சொல்றது பொய் இல்ல. காக்கா எங்க எண்டு எனக்குத் தெரியா, ஒருத்தருக்கும் தெரியா. மதினி போதும்ங்கிற அளவுக்குக் காத்திருந்திட்டா. இத யார் முதல்ல வாசிச்சாலும் அஸருக்கு முந்தி உம்மாக்குப் பக்கத்துல இரிந்து படிச்சுக் காட்டுங்க. இஸ்ஸதீன்ட வீட்டாருக்கு உம்மாவே போன் எடுத்து, ஞாயித்துக்கிழம நிக்காஹ் நடக்கட்டும் எண்டு சொல்லச் சொல்லுங்க."