துவைக்காத நைட்டி

ஆல்வின் புட்டியைத் தொடமாட்டேன் என்றான். கச்சிராயபாளையத்தில் அந்தத் தெருவுக்கே அந்த வாரம் வேறு பேச்சில்லை. மலையில் மழை உண்டா, அணையில் தண்ணீர் ஏறுகிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் "புட்டி குடிச்சானா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பதில் சொல்ல வேண்டியவனுக்கோ பல் முளைக்கவில்லை, கழுத்தே இப்போதுதான் நின்றிருந்தது.

அவன் குடித்தால்தான் அவன் அம்மா ஜெஸி வெள்ளிக்கிழமை விமானம் ஏற முடியும். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் அவள் நர்ஸ். பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்துவிட்டது. புருஷன் டென்னிசும் அங்கேதான், ஏசி மெக்கானிக். இரண்டு பேருக்கும் ஷிப்ட். நடுவில் பிள்ளையை யார் பார்ப்பது? ஜெஸியின் அண்ணன் மைக்கேல்ராஜ் வீட்டில் விட்டுவிடலாம் என்று, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே போனில் பேசி முடித்துவிட்டார்கள். ஆல்வினை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்காமலே அவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அண்ணி எழில்மதி லேசில் விடுகிற ஆளில்லை. ஒரு பெண்ணை வளர்த்து நாலாம் வகுப்பு வரை கொண்டுவந்துவிட்டவள். பவுடர் பாலை இளஞ்சூட்டில் கொடுத்துப் பார்த்தாள், ஆறவைத்துக் கொடுத்துப் பார்த்தாள். மைக்கேல்ராஜ் கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கடையில் இருந்த நிப்பிள்களில் வகைக்கு ஒன்று வாங்கிவந்தார். சங்கில் புகட்டினால் புரை ஏறியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது தலையில் ஊற்றிய தண்ணீருக்கு வாயை மூடிக்கொண்டிருந்தவன், ஞானத்தாயான எழில்மதி புட்டியை எடுத்ததும் பூசைக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினான். அம்மாவின் மார் பட்டதும் கப்பென்று நின்றது. அழுத்தக்காரன்.

எல்லோரும் ஆல்வினைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஜெஸியை யாரும் பார்க்கவில்லை. அதுவும் அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

அவளுக்கு என்ன என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மஸ்கட்டில் பிள்ளை பிறந்தபோது எந்தக் குறையும் இல்லை. கூட வேலை பார்க்கிற மலையாளப் பெண்கள் கேக் கொண்டுவந்தார்கள், கட்டிலில் நீல பலூன் கட்டினார்கள். டென்னிஸ் ஓரமாகத் திரும்பி நின்று அழுதான். பிள்ளையைக் கொண்டுவந்து மாரில் கிடத்தியபோது ஜெஸியின் மனதில் ஓடியது இவ்வளவுதான்: ஆண் குழந்தை, நிறம் நன்று, அழுகை நன்று, கை கால் அசைவு நன்று. வேறு எவளோ பெற்ற பிள்ளைக்குக் குறிப்பு எழுதுகிற மாதிரி.

களைப்பு, பாசம் பின்னால் வரும் என்று இருந்தாள். வரவில்லை. ஊர் மண்ணை மிதித்தால் வரும் என்று இருந்தாள். ஊருக்கும் வந்தாயிற்று, மலையும் கண்ணில் பட்டது, அதுவும் மலையாக மட்டுமே தெரிந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் கன்னம் இருப்பது தெரியும், கிள்ளினால் வலிக்காது. அப்படித்தான் இருந்தது அவளுக்கு. பால் மட்டும் வேளை தவறாமல் சுரந்தது. இப்படி இருக்கிற பெண்களை வார்டில் பார்த்து டாக்டரிடம் அனுப்பிவைத்தவள்தான் அவள். தன்னை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டாள். பிள்ளையை விட்டுப் போவதை நினைத்தால் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் பயமாக இருந்தது. தான் ஒரு தாயே இல்லையோ என்கிற பயம். நல்லவேளை, அந்தப் பயமும் கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும்.

ஆனால் பக்கத்து வீட்டு சாலம்மாளுக்குத் தப்பி அந்தத் தெருவில் எதுவும் நடக்காது. ஞானஸ்நானத்து அன்றே அவள் எழில்மதியிடம் கேட்டுவிட்டாள். "பெத்த மனம் பித்துன்னு சொல்லுவாங்க. இன்னாடி இது, இந்தப் பொண்ணு கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி காணோமே?" ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஜெஸி அடுப்படியில் நின்று அதைக் கேட்டாள். சரியாகத்தான் சொல்கிறாள் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலையில் மைக்கேல்ராஜ் ஒரு யோசனை சொன்னார். வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் வாத்தியார், தினமும் பஸ்ஸில் மலையேறி இறங்குகிறவர். ஜெஸியைத் தன்னோடு மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். அம்மா வாசனையே வீட்டில் இல்லாமல் ஒரு பகல் போனால், பசி தாங்காமல் பயல் புட்டிக்கு வந்துதானே ஆகவேண்டும். மாணவர்களைப் பட்டினி போட்டுப் பாடம் நடத்துகிற வாத்தியார் இல்லை அவர். வேறு வழி தெரியவில்லை, பாவம்.

வளைவுக்கு வளைவு பஸ் முனகிக்கொண்டு ஏறியது. ஜெஸி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் காலியாக இருந்த ஒரு வகுப்பறையில் அண்ணன் அவளை உட்காரவைத்துவிட்டுப் பாடம் எடுக்கப் போனார். பக்கத்து அறையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள். போனில் சிக்னல் இல்லை. அவள் பெஞ்சில் தலை சாய்த்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து தூங்காத தூக்கமெல்லாம் சேர்த்துத் தூங்கினாள். விழித்தபோது மார் கல்லாகக் கனத்தது, ரவிக்கையும் புடவைத் தலைப்பும் நனைந்திருந்தன. அப்போதுதான் ஆல்வின் என்று ஒருத்தன் இருப்பதே அவளுக்கு நினைவு வந்தது. தான் அவனை இத்தனை நேரம் மறந்தே போனோம் என்று தெரிந்தும் அவளுக்கு அழுகை வரவில்லை. புடவையை மடித்து நனைந்த இடத்தை மறைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அழுதுகொண்டிருந்தது எழில்மதி. பிள்ளை அழுவதற்கும் தெம்பில்லாமல் விக்கிக்கொண்டிருந்தான்.

"ஒரு வாய் குடிக்கல, ஜெஸி. கத்திக்கத்தித் தொண்டையே கட்டிப்போச்சு அவனுக்கு. இனிமே என்னால ஆவாது, பாவம் பண்ண முடியாது என்னால" என்றாள். ஜெஸி கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்து பிள்ளையை வாங்கிப் பால் கொடுத்தாள். அவன் அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குடித்தான். அந்தக் குட்டி விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நகம் வெட்ட வேண்டும் என்று நினைத்தாள்.

அவன் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த எழில்மதிக்குத்தான் அது தோன்றியது. பிள்ளை முகத்தையா பார்க்கிறான்? கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் அல்லவா தேடுகிறான். மறுநாள் காலையில் ஜெஸி குளிக்கப் போகும்போது, அவள் இரவில் போட்டிருந்த நைட்டியைக் கேட்டு வாங்கினாள். பச்சையில் வெள்ளைப் பூப்போட்ட நைட்டி, மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. முன்பக்கமெல்லாம் பால் ஊறி ஊறிக் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. துவைக்கப்போகிறாள் என்று ஜெஸி நினைத்தாள்.

குளித்துவிட்டு வந்தபோது எழில்மதி அந்த நைட்டியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆல்வின். வாயில் புட்டி. சப்புகிற சத்தம் கூடத்துக்குக் கேட்டது. எழில்மதி வாயைத் திறக்காமல் கண்ணாலேயே ஜெஸியிடம், கிட்டே வராதே, நில்லு என்றாள். ஜெஸி ஈரத்தலையோடு கதவோரம் நின்றாள். புட்டி காலியாயிற்று. பிள்ளை ஏப்பம் விட்டான்.

அப்புறம் அந்த வீட்டில் திருவிழாதான். மைக்கேல்ராஜ் காலிப் புட்டியைப் படம் எடுத்து டென்னிசுக்கு அனுப்பினார். டென்னிஸ் உடனே கூப்பிட்டு, "அண்ணி, நீங்க தெய்வம்" என்றான். எழில்மதி சிரித்து, தெய்வத்துக்கு அடுப்பில் வேலை கிடக்கிறது என்றாள். சாலம்மாள் வந்து பார்த்துவிட்டு, அதுதான் ஆயிற்றே, இனி தாய்க்குப் பாலை வற்றவைக்கிற வழியைப் பாருங்கள் என்றாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சலோடு விமானத்தில் போவாளா? மல்லிப்பூ வைத்துக் கட்டினால் தன்னால் வற்றும்.

அதற்கு மாத்திரை இருக்கிறது என்பது ஜெஸிக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு அவளே கொடுத்திருக்கிறாள். சொல்ல வாயெடுத்தாள், பிறகு சொல்லவில்லை. யார் என்ன செய்தாலும் சரி என்று இருந்தது. மைக்கேல்ராஜ் சாயங்காலம் கள்ளக்குறிச்சி பூக்கடையில் உதிரி மல்லி வாங்கிவந்தார். பூக்காரி, வீட்டில் விசேஷமா என்று கேட்டாளாம். எழில்மதி பழைய வேட்டித் துணியில் பூவைப் பரப்பி, ஜெஸியின் மாரில் வைத்து, முதுகுப்பக்கம் இறுக்கி முடிச்சுப் போட்டாள். பூ ஜில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூட்டில் வதங்கி வீடெல்லாம் மணத்தது.

இதில் யாரும் யோசிக்காத ஒன்று இருந்தது. நர்ஸுக்கும் தோன்றவில்லை, வாத்தியாருக்கும் தோன்றவில்லை, எல்லாம் தெரிந்த சாலம்மாளுக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஆல்வின் தூக்கம் கலைந்து சிணுங்கினான். எழில்மதி குழாயடியில் இருந்தாள். ஜெஸி போய்த் தூக்கினாள். தோளில் போட்டதும் அவன் முகத்தை இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். மூக்கு சுருங்கியது. பிறகு முதுகை வில்லாக வளைத்து, இரண்டு கையாலும் அவளைத் தள்ளிக்கொண்டு வீறிட்டான். தெரியாத ஆள் தூக்கினால் பிள்ளைகள் அழுவார்களே, அந்த அழுகை. அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். இன்னும் கத்தினான். எழில்மதி ஈரக்கையோடு ஓடிவந்து வாங்கினாள். பச்சை நைட்டியில் முகத்தைப் புதைத்ததும் சுவிட்சை அணைத்தாற்போல நின்றான்.

"பூ வாசன பிடிக்கல போல அவனுக்கு" என்றாள் எழில்மதி, சாதாரணமாக.

ஜெஸி குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் மூக்குக்கு அவள் இப்போது மல்லிகைப் பூ. அவன் அம்மா கூடத்தில் இருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் கையை விட்டு முடிச்சைப் பிடித்தாள். அவிழ்த்துவிட்டு இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டால் போதும், மறுபடி அவளிடம் வந்துவிடுவான். பால் இன்னும் வற்றவில்லை. ஒரே ஒரு வேளை கொடுக்கலாம். கொடுத்தால் நாளைக்கு அண்ணியிடம் திரும்பவும் கத்துவான், மலைக்குப் போன அன்றுபோல் தொண்டை கட்டுகிறவரை கத்துவான். அவள் அங்கே இருக்கமாட்டாள். முடிச்சைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு அவள் அவனைத் தூக்கவில்லை. பெட்டி அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை புதுப் பூ வைத்துக் கட்டியானதும் கார் வந்தது. சென்னை வரைக்கும் கூட வருவதற்கு மைக்கேல்ராஜ் லீவு போட்டிருந்தார். தெருவே வாசலில் நின்றது. சாலம்மாள் முன்வரிசையில் ஜெஸியின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழில்மதி, இரு, நாலு பேர் நிற்கிற இடத்தில் நைட்டியோடு வரமுடியுமா, புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே திரும்பினாள்.

"மாத்தாதீங்க அண்ணி" என்றாள் ஜெஸி. "துவைக்கவும் துவைக்காதீங்க. அவனா விடுற வரைக்கும் போட்டுக்கினே இருங்க."

எழில்மதி மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி வந்து நின்றாள். ஜெஸி கிட்டே போய் முத்தம் கொடுக்கவில்லை. பூவின் வாசனைக்கு அழுவான் என்று, எட்ட நின்றே அவன் காலை மட்டும் தொட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சாலம்மாள் மோவாயில் கை வைத்தாள்.

கார் நகர்ந்தது. ஜெஸி திரும்பிப் பார்த்தாள். பச்சையில் வெள்ளைப் பூப்போட்ட நைட்டியில் ஒருத்தி தன் பிள்ளையை அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் மலை இருந்தது. பிள்ளை காரைப் பார்க்கவில்லை. அவன் எதற்குப் பார்க்க வேண்டும், அவன் அம்மா எங்கேயும் போகவில்லையே. வாசலில் நிற்பவள்தான் ஜெஸி என்றும், மல்லிப்பூவைக் கட்டிக்கொண்டு எவளோ ஒருத்தி காரில் போகிறாள் என்றும் அவளுக்குத் தோன்றியது. நிற்கிறவள் மேல் அவளுக்குப் பொறாமை வந்தது. ஊசியின் மரப்பு இறங்கிய பல்லைப்போல அது வலித்தது. பிள்ளை பிறந்ததிலிருந்து அவளுக்கு வலித்தது அதுதான் முதல் தடவை.

வண்டி கள்ளக்குறிச்சி ரோட்டைப் பிடித்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, பூ வாசனை தூக்குதே, கல்யாண வீட்டிலிருந்தா வர்றீங்க என்றான்.

"அண்ணா" என்றாள் ஜெஸி. "அண்ணி அதத் துவைச்சிடுவாங்க. போன் பண்ணிச் சொல்லு."

"இப்பத்தானம்மா நீயே சொல்லிட்டு வந்த?"

"இன்னொரு வாட்டி சொல்லுண்ணா."

அவள் குரல் எப்படியோ இருந்ததால் மைக்கேல்ராஜ் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். சாலம்மாள் ஒரு வாரமாகக் காத்துக் கிடந்த கண்ணீர் கழுத்து வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது. சாலம்மாளோ அப்போது உள்ளே போய் உலை வைத்துவிட்டிருப்பாள். மைக்கேல்ராஜ் போனை எடுத்து வீட்டு நம்பரை அழுத்தினார்.