தகுதியா, இல்லையா?

மகள் வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்ததும், பஸ் டிரைவரான அப்பா “கும்பகர்ணி!” என்று காய்ச்சி எடுத்துவிட்டார். மறுநாள் காலையில் அந்தப் பதினைந்து வயதுக்காரி, வண்டி எடுக்குமுன் அவர் டிப்போவில் தினமும் எழுதிக் கொடுக்கும் படிவத்தில் ஒன்றைத் தனக்காக நிரப்பி நீட்டினாள்.

தூங்கிய நேரம்: இரண்டு மணி. மனநிலை: சும்மாவே அழுகை வருகிறது. வண்டி ஓட்டத் தகுதியா: இல்லை.

“டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போப்பா. என்னால முடியல.”

அவர் வாங்கிப் படித்தார். இருபது வருஷமாகக் கண் எரிய எரிய ‘எட்டு மணி, தகுதி’ என்றே எழுதித் தள்ளிய மனுஷன். இந்த ‘இல்லை’யை எழுத ஒருநாளும் அவருக்குத் துணிச்சல் வந்ததில்லை.

அன்றைய தன் படிவத்தை எடுத்து, மகளைப் பார்த்துவிட்டு, உள்ளது உள்ளபடி ‘இல்லை’ என்று எழுதினார்.

“கெளம்பு கண்ணு. ரெண்டு பேருமே காட்டிட்டு வருவோம்.”