மூன்று பேருக்கு ஒரு புறநகர்

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பத்திரிகையின் வீட்டுமனை இணைப்பிதழுக்கு ஆயிரம் வார்த்தை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘பெருநகருக்குக் குடிவரும் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் ஐந்து புறநகர்கள்’. எந்தெந்த ஐந்து, எது எவ்வளவு தூரம், எங்கே பள்ளி இருக்கிறது என்பதெல்லாம் ஒரே தாளில் வந்து சேர்ந்தன. படிப்பவர்களுக்கு அலுத்துப்போகாமல் இருக்க உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை உள்ளே நடமாடவிடச் சொன்னார் இணைப்பிதழைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார்.

“சின்னக் குடும்பமா இருக்கட்டும் சார். சிரிச்ச முகமா இருக்கட்டும். கடைசியில ஏதாவது ஒரு வீட்டுக்குள்ள போயிடணும், அவ்வளவுதான்.”

முதல் வரியை இப்படி எழுதினேன்: நகரத்தின் இரைச்சலைத் தாண்டி, பசுமை சூழ்ந்த ஓர் அமைதியான புறநகரில் ஒரு புதிய விடியல் அந்தக் குடும்பத்துக்காகக் காத்

அடித்துவிட்டேன். விடியலுக்கு வேறு வேலை இல்லையா?

இரண்டாவது முயற்சி: வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்ததில்லை போலிருக்

இதையும் அடித்தேன். உண்மைதான். ஆனால் இணைப்பிதழுக்கு விளம்பரம் தருகிறவர்கள் வீடு கட்டி விற்கிறவர்கள்.

2

குடும்பத்தை உண்டாக்கினேன். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு சிறிய ஊரில் பன்னிரண்டு வருட வேலை. அந்த ஊரில் மொத்தம் பதினேழு லிஃப்ட், பதினேழுக்கும் அவர்தான். கம்பெனி அந்த ஊர்க் கிளையை மூடிவிட்டு அவரைப் பெருநகருக்கு மாற்றியது. மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைத்து ஃபிரேமில் பொருத்துகிறவள். ஒன்பது வயதில் ஒரு மகள்.

லிஃப்ட் மெக்கானிக் எதற்கு என்றால், சிரிக்க வைக்கத்தான். வீடு பார்க்கப் போகிற இடத்தில் அவர் லிஃப்டை மட்டுமே பார்ப்பார். முதல் புறநகரில் ஏழாம் மாடிக்கு நான்கு முறை ஏறி இறங்கிவிட்டு மனைவிக்குப் போன் செய்தார்.

“லிஃப்ட் பிரமாதமான வண்டி. நின்னா தரையோட தரையா நிக்குது. இதையே பேசி முடிச்சிடலாம்.”

“வீடு எப்படிங்க இருக்கு?”

“வீடா?” என்று கொஞ்சம் யோசித்தார். “உள்ள போகலையே.”

இந்த இடத்தில் அம்மையார் சிரித்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.*

* நான் வாயை மூடிக்கொண்டு இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். தகவல் சரியாக இருக்கட்டும் என்று எங்கள் கட்டிடத்து லிஃப்டைப் பழுது பார்க்க வந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் தன் கம்பெனியில் உள்ள ஒரு விதியைச் சொன்னார். லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், அழைப்பு வந்த நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் மெக்கானிக் அந்தக் கதவுக்கு முன்னால் நிற்க வேண்டும். அதற்குத் தோதான வீட்டு முகவரியைக் கொடுக்காதவருக்கு வேலை கிடையாது. ஓசியில் கிடைத்த தகவல், விடுவேனா? கதையில் சேர்த்தேன். மாற்றல் உத்தரவில், ஒரு மாதத்துக்குள் முகவரி தர வேண்டும் என்ற ஒரு வரியையும் சொந்தமாகச் சேர்த்தேன். வினை அங்கேதான் பிடித்தது.

ஏனென்றால் கட்டுப்படியாகும் ஐந்து புறநகர்களில் எதிலிருந்தும் அந்த நேரத்துக்குள் நகரத்து நடுவுக்கு வர முடியாது. வர முடிந்த இடங்களின் வாடகை இவர்களுக்கு எட்டாது. எனக்கோ வார்த்தைக் கணக்கு முடிந்துகொண்டிருந்தது. அதனால் ஒரு வழி எழுதினேன்: கணவர் வார நாட்களில் நகரத்திலேயே, உடன் வேலை செய்பவர்களோடு ஓர் அறையில் தங்கிக்கொள்வார். மனைவியும் மகளும் ஐந்தாவது புறநகரில் இருப்பார்கள். ஞாயிறுதோறும் குடும்பம் ஒன்றுகூடும். பல குடும்பங்கள் இப்படித்தான் சந்தோஷமாகச் சமாளிக்கின்றன.

கடைசி வாக்கியத்தை யோசிக்காமலே எழுதினேன். இப்போது அதைத் திரும்பப் படிக்கத் தைரியம் இல்லை.

3

மனைவிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவள் பார்க்கிற வேலையில் லென்ஸின் நடுப்புள்ளி இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். ஆகவே யாரோ அளந்து சொன்ன அளவை அவள் நம்புவதில்லை, தானே அளப்பாள். ஐந்தாவது புறநகரைப் பற்றி என் தாளில் ‘நகரத்திலிருந்து நாற்பது நிமிடம்’ என்று இருந்தது. நாற்பது என்றால் நாற்பத்தைந்துக்கும் குறைவுதானே, பின்னே இவர் எதற்குத் தனியாகத் தங்க வேண்டும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தாளில் இருந்ததையும் நான் எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்க்க எழுதுகிற எனக்குத் தோன்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் நேரத்தில், கணவரின் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் புறநகரின் ஒரு தெருவிலிருந்து புறப்பட்டாள். ஒன்பது கிலோ பை. வெறுங்கையோடு போனால் அது அவர் போகிற நேரம் ஆகாது என்பது அவள் கட்சி. முதல் பேருந்து நிற்காமல் போயிற்று. இரண்டாவதில் தொங்கினாள். ரயிலில் பையைக் கீழே வைக்க இடமில்லை. கம்பெனி வாசலை மிதித்தபோது ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. தோளில் பட்டை பதிந்த இடம் சிவந்துபோயிருந்தது.

திரும்பிப் போய் வீட்டுப் புரோக்கரைப் பிடித்தாள்.

“நாப்பது நிமிஷம்னு யாரு அளந்தது?”

“அது வந்தும்மா... ஞாயித்துக்கிழமை காலையில, கார்ல, பைபாஸ்ல...”

“எங்கேருந்து எங்க வரைக்கும்?”

“இந்த ஊர் போர்டுலேருந்து சிட்டி போர்டு வரைக்கும்.”

“அப்ப எங்க வீட்டுக்காரரு அந்த போர்டுக்கும் இந்த போர்டுக்கும் நடுவுலதான் லிஃப்ட் ரிப்பேர் பண்ணணும். அப்படித்தானே?”

புரோக்கர் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பாவம், அவரும் என்னைப் போலக் கொடுத்த தாளைப் படிக்கிறவர்.

அவள் பழைய ஊர் வீட்டுக்குத் திரும்பியதும் கணவர் நான் எழுதிக்கொடுத்த வசனத்தைப் பேசினார். “பரவாயில்ல, விடு. நான் ரூம்ல இருந்துக்கறேன். ஞாயித்துக்கிழமை தவறாம வந்துடுவேன்.”

தரையில் படுத்து எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். “ஞாயித்துக்கிழமை ஸ்கூலே கிடையாதே அப்பா. அன்னைக்கு நான் உங்ககிட்ட என்னத்த சொல்றது?”

இந்த வசனத்தை நான் எழுதவில்லை. சத்தியமாக.

அப்புறம் மனைவி அவரை விட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். (பாத்திரங்கள் தாளுக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்ப்பதெல்லாம் பழைய வித்தை, தெரியும். ஆனால் நிமிர்ந்துவிட்டாள். நான் என்ன செய்ய?)

“இது இவரு யோசனை இல்ல சார். இவருக்கு லிஃப்டைத் தவிர வேற எதுலயும் யோசனை ஓடாது. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?”

“நிறையப் பேர் இப்படித்தாம்மா இருக்காங்க.”

“நிறையப் பேருக்குத் தலைவலி இருக்குன்னு நான் லென்ஸைக் கோணலா வைக்கறதில்ல சார்.”

4

(இந்தப் பகுதியை அவள் கிழித்துவிட்டாள். எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்: ஞாயிறு காலை இளவெயிலில், பேருந்து நிறுத்தத்தில் நின்ற சிறுமி அப்பாவைக் கண்டதும் கைய)

5

ஐந்தாவது புறநகரைப் பற்றி உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அங்கேதான் என் மனைவியும் மகனும் இருக்கிறார்கள். ஆறு வருடமாக. நான் நகரத்தில் இன்னும் இரண்டு பேரோடு ஓர் அறையில் இருக்கிறேன். ஒருவர் கணக்காளர், ஒருவர் குறட்டைக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலை போய், ராத்திரி திரும்பிவிடுவேன். மகனுடைய முன்பல் ஆடியதை ஒரு ஞாயிறு தொட்டுப் பார்த்தேன். விழுந்ததைப் போனில் கேட்டேன். அடுத்த முறை போனபோது அவன் ஓட்டைப் பல்லோடு சிரித்துப் பழகிவிட்டிருந்தான். எனக்குத்தான் அந்தச் சிரிப்பு புதிதாக இருந்தது.

இப்படியும் ஒரு மனிதன் ‘சந்தோஷமாகச் சமாளிக்கின்றன’ என்று எழுதுவானா? எழுதினேன். ஊருக்கு உபதேசம் செய்ய வாய் கூசவில்லை. நமக்கு வாய்த்ததை உலக வழக்கம் என்று எழுதிவிட்டால் வலிக்காது என்று நினைத்தேனோ என்னவோ.

இதைக் கதையில் இருக்கும் மனைவியிடம் சொன்னேன். அதுவரை சார் என்று கூப்பிட்டவள், “அண்ணா,” என்றாள். “நீங்க பட்டதை எங்க தலையில ஏன் எழுதறீங்க?”

6

வேறு முடிவுகளைத் தேடினோம். நானும் அவளும் சேர்ந்துதான்.

அ. ஆறாவதாக ஓர் இடம். என் தாளில் இல்லாதது, நகரத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கும் பழைய புறநகர். எட்டாவது மாடியில், லிஃப்டை இழுக்கும் மோட்டார் இருக்கும் மெஷின் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. சுவர் வழியாகத் தடதடவென்று சத்தம் வரும், யாரும் இரண்டு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. அதனால்தான் வாடகை இவர்களுக்கு எட்டுகிறது. ஒரே ஓர் அறை, ஒரு சமையல் மூலை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு அளந்தாள்: முப்பத்தோரு நிமிடம். கணவர் வீட்டுக்குள் போனார் (முன்னேற்றம்!), சுவரில் காதை வைத்தார்.

“மோட்டார் நல்லாத்தான் இருக்கு. அடியில இருக்கற ரப்பர் கட்டை செத்துப்போச்சு, அதான் சுவரு அதிருது. மாத்தினா பாதிச் சத்தம் போயிடும்.”

“மாத்துங்களேன்.”

“வேற கம்பெனி வண்டி. நான் கை வைக்க முடியாது.”

“கேட்டுப் பார்க்கலாம். மாத்தலைன்னா சத்தத்தோட இருக்கலாம்.”

“சரி, எலி வளையானாலும் தனி வளை.”

“தனி வளை யாருக்கு வேணும்? மூணு பேரும் இருக்கற வளையா இருந்தாப் போதும்.”

ஆனால் மகள் அந்தச் சத்தத்தில் தூங்குவாளா? எனக்குத் தெரியவில்லை. அங்கே ஒரு நாள் படுக்கவைத்துப் பார்க்க வீட்டுச் சொந்தக்காரர் விடமாட்டேன் என்கிறார். முகவரி கொடுக்க இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது.

ஆ. அவள் கணவரின் மேலாளரைப் போய்ப் பார்க்கிறாள். “நாப்பத்தஞ்சு நிமிஷத்துல வந்து நிக்கணும்னு சொல்றீங்க. சரி. அந்தத் தூரத்துல நாங்க இருக்கற மாதிரி ஒரு வீடு காட்டுங்க, இன்னைக்கே வர்றோம்.” மேலாளரின் பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் மழுப்புகிறார்.

இ. போகாமல் பழைய ஊரிலேயே இருந்துவிடுவது. இதை எழுதத் தொடங்கியதுமே கணவர் முகம் தொங்கிவிட்டது. பதினேழு லிஃப்டும் இப்போது வேறு யாருடையதோ.

இதற்கு நடுவே, நான் அவ்வப்போது அனுப்பிய பக்கங்களைப் படித்துவிட்டு அம்மையார் போன் செய்தார்.

“என்ன சார், மெஷின் ரூம் வீடெல்லாம் நம்ம லிஸ்ட்லயே இல்லையே? பேசாம அஞ்சாவது ஊரைப் போட்டு முடிச்சிடுங்க. ‘ஞாயிறுதோறும் ஒன்றுகூடும்’னு ஒரு வரி அழகா இருந்துச்சே.”

“அதை எடுத்துட்டேன்.”

“ஒரு வரிதானே சார், திரும்பப் போட்டுடுங்க.”

“அந்த ஒரு வரியைத்தான் போடமாட்டேன்.”

“அப்ப கட்டுரையைப் போட முடியாதே.”

“போடாதீங்க. எனக்குக் கதை இருக்கு.”

வீராப்பாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகு இந்த மாத அறை வாடகைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதையும் மறைக்கவில்லை. ஆனால் சொன்னதை இதுவரை திரும்ப வாங்கவில்லை.

7

போனை வைத்த கையோடு என் மனைவியைக் கூப்பிட்டேன்.

“நான் சாயங்காலம் வீட்டுக்கு வரேன்.”

“இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைங்க.”

“தெரியும்.”

“உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

“சும்மாவா? யாருக்கு என்ன ஆச்சு? மறைக்காம சொல்லுங்க, எனக்குப் படபடன்னு வருது.”

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நான்கு முறை சொன்னேன். அவள் நம்பவில்லை. கெட்ட செய்தி இல்லாமல் நான் ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வருவேன் என்று நம்புவதற்கு இந்த ஆறு வருடத்தில் அவளுக்கு ஒரு காரணமும் நான் கொடுக்கவில்லை.

ஆகவே வாசகரே, அந்த மூன்று பேரையும் எட்டாவது மாடியில், மெஷின் ரூம் சுவருக்குப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டுப் போகிறேன். ஆறு நாள் இருக்கிறது. அந்த வீட்டையே எடுக்கவையுங்கள். இல்லை, மேலாளரைப் பேசவையுங்கள், உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்கலாம். என் கண்ணில் படாத ஏழாவது இடம் ஒன்று உங்களுக்குத் தெரிந்தால் அங்கே குடிவையுங்கள். எது வேண்டுமானாலும் எழுதுங்கள். அவரை மட்டும் தனியாக ஓர் அறையில் தங்கவைத்து முடித்துவிடலாம் என்று பார்க்காதீர்கள். அவள் கிழித்துவிடுவாள். அவள் விட்டாலும் நான் விடமாட்டேன்.

எனக்கு நேரமாகிறது. என் வீட்டில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதை இங்கே உட்கார்ந்துகொண்டு எழுத முடியாது, போய்த்தான் பார்க்க வேண்டும்.